மிக்-21 மாதிரியில் ரெசின் காக்பிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் தஞ்சாவூரில் உள்ள என் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்தார். உள்ளே மிக்-21 போர் விமானத்தின் பிஸ் வகையை 1/48 அளவில், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், ஒட்டிச் செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய கிட் ஒன்று இருந்தது. அதன் உடற்பகுதியின் இரு பாதிகளும் காக்பிட், அதாவது விமானி அமரும் அறை, இருக்கும் இடத்தில் உட்புறமாகத் தேய்க்கப்பட்டு, இடது பாதியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது. "அண்ணா, ரெசின் காக்பிட்டை வச்சா ரெண்டு பாதியும் சேரவே மாட்டேங்குது" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கெடுத்த மாதிரியை அப்படியே திரும்பப் பார்ப்பதுபோல் இருந்தது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்கள் இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்றன. 1963இல் வந்து 62 ஆண்டுகள் பணியாற்றிய விமானம் என்பதால், அதைச் செய்து அலமாரியில் வைக்க வேண்டும் என்ற ஆசையோடு இந்தக் கலைக்குள் வரும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். தலைக்குமேல் சுகோய்-30 பறக்கும் தஞ்சையிலும் அவர்கள் முதலில் கேட்பது மிக்-21 தான். அவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் நான் செய்து முடித்தவை. பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்ப்பது, கழுவாமல் சாயம் பூசுவது போன்றவற்றைக் கிட்டின் குறிப்புத்தாளே எச்சரிப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கிட்டுக்கு வெளியே தனியாக வாங்கிச் சேர்க்கும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்), உலோகப் பாகங்களால் நேரும் இழப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

பொருத்திப் பார்க்காமல் வெட்டுவது

இந்த ஒரு தவறு இன்றும் எனக்குள் எரிச்சலாக இருக்கிறது என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிக்-21இன் அமைப்பை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சினுக்கான காற்று மூக்கின் வாய் வழியாக, நடுவில் உள்ள கூம்பைச் சுற்றி நுழைந்து, காக்பிட்டின் இரு பக்கங்களிலும் பிரிந்து பின்னால் செல்கிறது. காக்பிட்டின் அடியில் முன்சக்கரக் குழி இருக்கிறது. அதாவது விமானி அமர்ந்திருக்கும் இடம் மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் நெருக்கப்பட்ட இடம். உண்மையான விமானத்தில் இந்தச் சுவர்கள் மெல்லிய உலோகத் தகடுகள். நம் கிட்டிலோ பிளாஸ்டிக் சுவரே ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது, அதன் உள்ளே நாம் நுழைக்கும் ரெசின் காக்பிட்டுக்கும் தன் சுவர், தன் தரை என்று தனிப் பருமன் உண்டு. கிட்டின் சொந்தக் காக்பிட்டை வடிவமைத்தவர் இந்தப் பருமனையெல்லாம் கணக்கிட்டிருப்பார். ரெசின் பாகத்தை வார்த்தவர் கணக்கிட்டிருப்பார் என்று நம்பித்தான் நான் கெட்டேன்.

என்னுடைய பெட்டியில் வந்த ஒருபக்கக் காகிதத்தில், கிட்டின் பக்கச் சுவரில் உள்ள புடைப்புகளை நீக்கவும் என்று அம்புக்குறியோடு ஒரு படம் இருந்தது. அன்று மாலையே கிட்டின் காக்பிட் தரையையும் பக்கப் பலகைகளையும் ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைக் குப்பையில் போட்டு, சுவர்களை அரத்தால் தேய்த்துவிட்டேன். அதன்பின்தான் ரெசின் காக்பிட்டை உள்ளே வைத்துப் பார்த்தேன். அதன் தரை முன்சக்கரக் குழியின் கூரையில் இடித்தது. கூரையைத் தேய்த்தேன், குழி கிழிந்தது. ஒரு வழியாகக் காக்பிட் உள்ளே இறங்கியபோது உடற்பகுதியின் பாதிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நின்றது. அதை ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டி, பசையூற்றி, இரண்டு நாள் அப்படியே வைத்து ஒட்டினேன்.

ஒட்டியது என்றே நினைத்தேன். ஆனால் உள்ளேயிருந்து தள்ளும் பாகத்தைச் சுற்றி இழுத்து ஒட்டிய இணைப்பு ஒருபோதும் ஓய்வதில்லை. அகலம் கூடிவிட்ட உடலின்மீது முன்கண்ணாடியை வைத்தால் அதன் இரு அடிகளும் உள்ளே விழுந்தன. கண்ணாடியை விரிக்க முயன்றதில் நடுவே வெள்ளைக் கீறல் விழுந்தது. புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி புட்டி வைத்து, சாயமும் பூசி முடித்த மாதிரி, அடுத்த அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழிருந்த அலமாரியில் முதுகு நெடுக வாய் பிளந்தது. கிட்டின் விலையும், அதற்கு இணையான ரெசின் விலையும், அஞ்சலில் வந்ததற்கான சுங்கவரியும் சேர்ந்து பரணுக்குப் போயின. பணம் போனதைவிட, பிழையின்றிப் பொருந்தியிருக்கக்கூடிய கிட்டின் சொந்தக் காக்பிட்டை நானே அறுத்தெறிந்து, திரும்பும் வழியை அடைத்துக்கொண்டதுதான் ஆறவில்லை.

சில மாதங்கள் கழித்து, சுவாமிமலையில் எனக்குப் பழக்கமான ஒரு ஸ்தபதியிடம் அந்த ரெசின் பாகத்தைக் காட்டினேன். அவர் வியந்து பார்த்தது அதன் நுணுக்கத்தை அல்ல, அடியில் ஒட்டியிருந்த வார்ப்புக் கட்டையை, அதாவது ரெசினை ஊற்றிய வழியில் இறுகி நின்ற கட்டியை. "எங்களுக்கும் இப்படித்தான் தம்பி, ஊத்துற வழி தனியா நிக்கும், அப்புறம்தான் வெட்டுவோம்" என்றவர், எதோடு எதைப் பொருத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மெழுகுலயே பீடத்தோட வச்சுப் பாத்துருவோம். காவேரி வண்டலைப் பூசி மூடிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதே" என்றார். மெழுகு உருகி ஓடிய அச்சு ஒருமுறைதான் பயன்படும், உலோகம் ஆறியபின் அதை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே சரிபார்ப்பெல்லாம் திருத்தக்கூடிய நிலையிலேயே முடிந்துவிடுகிறது. நான் திருத்தக்கூடிய நிலையை முதல் மாலையிலேயே முடித்துவிட்டிருந்தேன்.

இப்போது நான் செய்யும் முறை இது. கிட்டில் எதையும் வெட்டுமுன், ரெசின் காக்பிட்டின் வார்ப்புக் கட்டையை மட்டும் அறுத்து நீக்கி, அடித்தரையை ஈர உப்புத்தாளின்மீது வட்டமாகத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்குகிறேன். பிறகு முன்சக்கரக் குழியையும் காக்பிட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மொத்த உயரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, கிட்டின் சொந்தப் பாகங்களின் உயரத்தோடு ஒப்பிடுகிறேன். அந்த இரண்டு எண்களும் நெருங்காதவரை அரத்தைக் கிட்டின் பக்கம் கொண்டுபோவதில்லை. நெருங்கியபின், ரெசினின் வெளிச்சுவரில் கண்மையை மெல்லியதாகத் தடவி, பாதிகளை மாஸ்கிங் டேப்பால் மூடித் திறக்கிறேன். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் இடிக்கிறது, அங்கே மட்டும்தான் தேய்க்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடியும் வேலை அல்ல. இருபது, முப்பது முறைகூட மூடித் திறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்கண்ணாடியையும் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். பாதிகள் சேர்ந்துவிட்டன என்பதல்ல அளவுகோல், கண்ணாடி இருபுறமும் படிய அமர்கிறதா என்பதே அளவுகோல்.

எவ்வளவு தேய்த்தும் பொருந்தாத ரெசின் பாகங்களும் உண்டு. ரெசின் வார்ப்பு இறுகும்போது சற்றே சுருங்குகிறது. ஏற்கனவே வார்த்த பாகத்திலிருந்து மறுபடி அச்சு எடுத்து வார்த்தவை இன்னும் சுருங்கியிருக்கும், அல்லது வேறொரு நிறுவனத்தின் கிட்டுக்காக அளந்தவையாக இருக்கும். அந்நிலையில் இருக்கையையும் கருவிப் பலகையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கிட்டின் காக்பிட் தொட்டியையே (தரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்த பகுதி) வைப்பதில் குறையேதும் இல்லை. மேல்மூடியை மூடிவைக்கப் போகிறவருக்கு, ரெசின் தொட்டியால் கண்ணுக்குத் தெரியும் பயனே கிடையாது. உள்ளே தெரிவது இருக்கையின் தலைப்பகுதியும் பலகையின் மேல்விளிம்பும்தான்.

எந்த மிக்-21 என்று தெரியாமல் வாங்குவது

பெட்டியின்மேல் மிக்-21 என்று அச்சிட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். நம் விமானப்படையில் பறந்தவற்றில் எஃப்எல், எம், பிஸ், பைசன் ஆகியவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை. எஃப்எல் வகையின் மேல்மூடி முன்கண்ணாடியோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். ஆபத்தில் விமானியை வெளியே எறியும் அதன் எஸ்கே வகை இருக்கை பாயும்போது அந்த மூடியே விமானியைக் காற்றிலிருந்து காக்கும்படி அமைக்கப்பட்டது. எம், பிஸ் வகைகளில் முன்கண்ணாடி நிலையானது, மூடி மட்டும் வலப்பக்கமாகத் திறக்கும், இருக்கை கேஎம்-1. ஆகவே 1971 போரில் பறந்த எஃப்எல் விமானத்துக்குள் கேஎம்-1 ரெசின் இருக்கையை வைத்தால், எவ்வளவு அழகாகச் சாயம் பூசினாலும் அது தவறு. காற்றின் வேகத்தை அளக்க மூக்கின்மேல் நீளும் பிட்டோ குழாய்கூட எஃப்எல்லில் நடுவில் இருக்கும், பிஸ்ஸில் வலப்பக்கம் விலகியிருக்கும்.

சண்டிகரில் விடைபெற்ற விமானத்தைச் செய்ய விரும்புகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அது பிஸ்ஸிலிருந்து மேம்படுத்தப்பட்ட பைசன். அதன் முன்கண்ணாடி குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் ஒரே வளைவாக இருக்கும், உள்ளே கருவிப் பலகையும் புதியது. பழைய பிஸ்ஸுக்கான நீலப்பச்சைக் காக்பிட்டை வாங்கிப் பைசன் என்று பெயர் எழுதுவதற்குமுன், செய்யவிருக்கும் ஒரே ஒரு விமானத்தின் வால் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் புகைப்படங்களைச் சேர்த்துக்கொண்டு, அதன்பிறகு கடைக்குப் போவது நல்லது. எண்ணைத் தேர்ந்தெடுக்காதவர் பாகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

வாலில் ரெசின், மூக்கில் வெறுமை

ரெசினில் வார்த்த எஞ்சின் குழாய் கிட்டின் பிளாஸ்டிக் குழாயைவிடக் கனமானது, அதனால் மாதிரி வால்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். பாதிகளை ஒட்டுமுன் எல்லாப் பாகங்களையும் டேப்பால் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் உடலைத் தாங்கி, மூக்குத் தாழ்கிறதா என்று பாருங்கள். தாழாவிட்டால் மீன்பிடி ஈயக் குண்டுகளை மூக்குக் கூம்புக்குள் நிரப்பி ஒட்டிவிடுங்கள். ஒட்டியபின் நினைவுக்கு வந்தால் வழியில்லை.

ரெசின் தூசு

முகக்கவசம் அணிந்து, தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் செய்யவே வேண்டாம்.

பித்தளைத் தகடுகள் அனைத்தையும் ஒட்டுவது

அரிப்பு முறையில் வெட்டிய பித்தளைத் தகட்டில் ஐம்பது துண்டுகள் இருந்தால் ஐம்பதையும் ஒட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு புதியவர்களுக்கு வருகிறது. உண்மையில் தட்டையாக இருப்பவற்றை மட்டுமே தகட்டில் காட்ட முடியும். இருக்கை வார், கண்ணாடிச் சட்டம், சக்கரக் கதவின் விளிம்பு ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தம். நெம்புகோல்களும் குழாய்களும் உருண்டையானவை என்பதால், அவற்றுக்குத் தகட்டைவிட ஒரு துண்டுச் செம்புக் கம்பியே மெய்யாகத் தெரியும். வளைவான இடத்தில் தகட்டை ஒட்ட வேண்டுமானால், அதை மெழுகுவர்த்திச் சுடரில் நிறம் மாறும்வரை காட்டி ஆறவிட்டால் இளகி வளைந்துகொடுக்கும். சூடாக்காமல் விரலால் அழுத்தி வளைத்தால் துள்ளி நிமிர்ந்து, பசையோடு சேர்த்துச் சாயத்தையும் பெயர்த்துவிடும்.

மூடிய கண்ணாடிக்குள் சூப்பர் குளூ

ஆவி படிந்து உட்புறம் வெளுத்துவிடும். கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும்.

அடைமழையில் சாயம் பூசுவது

நம் டெல்டாவுக்கே உரிய தவறு இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே துணி உலராது. அந்த ஈரத்தில் ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் கருவி) லாக்கர் பூசினால், அதில் கலந்த தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பளபளப்பாக வர வேண்டிய மேல்பூச்சு பால் தெளித்ததுபோல் வெளுத்துப்போகும். லேசாக வெளுத்திருந்தால் மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மென்மையாகத் தூவித் தெளியவைக்கலாம், ஆழமாக வெளுத்திருந்தால் தேய்த்து எடுப்பதுதான் வழி. கம்ப்ரசர் குழாயில் உள்ள ஈரப்பொறியை அந்த மாதங்களில் அரைமணிக்கு ஒருமுறை திறந்து வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சின் நடுவே தண்ணீர்த்துளி தெறிக்கும். காய்ந்த காற்று வரும் தை, மாசியிலோ சம்பா அறுவடை இயந்திரங்கள் வைக்கோல் தூசியைக் கிளப்பிவிடுகின்றன என்பதால், வயலோரத்தில் வீடு உள்ளவர்கள் இயந்திரம் ஓடாத அதிகாலையில் ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசுவது நல்லது. மழைக்காலத்தை வெட்டவும் அளக்கவும் பொருத்திப் பார்க்கவும் வைத்துக்கொண்டால் அந்த இரண்டு மாதமும் வீணாவதில்லை.

உலோகப் பிட்டோ குழாய்

எல்லாம் முடிந்தபின், கடைசியாக ஒட்டுங்கள்.

மன்னார்குடி மாணவர் நல்லவேளையாகக் கிட்டின் சொந்தக் காக்பிட்டைத் தூக்கியெறியவில்லை, சட்டத்திலிருந்து வெட்டாமல் பையிலேயே வைத்திருந்தார். ஓட்டை விழுந்த இடத்தில் உட்புறமாக அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெளியே புட்டி வைத்து நிரவினோம். அந்தத் தாளுக்கு இடம் விடுவதற்காகக் கிட்டின் தொட்டியின் இடது விளிம்பைச் சற்றே தேய்க்க வேண்டியிருந்தது, அதையும் கண்மை தடவிப் பார்த்தே செய்தோம். ரெசினிலிருந்து கேஎம்-1 இருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார். நாலாவது ஞாயிறன்று பாதிகளை டேப்பால் மூடி முன்கண்ணாடியை வைத்தபோது அது இருபுறமும் படிந்து அமர்ந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால் அன்று பசையை எடுக்கவில்லை. தொட்டிக்கு உள்ளே பூச வேண்டிய சாயத்தைத் தையில் பூசிவிட்டு, அதன்பின் ஒட்டலாம் என்று பெட்டியை மூடினோம்.