ஏலம் ஓடும்போது துண்டுக்குள் பேசலாமா?

ராத்திரி பத்தே முக்காலுக்குத்தான் அந்தச் செய்தி வரும். "அண்ணாச்சி, ஏலத்தை இப்பவே முடிச்சுருங்க. ஆயிரத்து எண்ணூறு தாரேன்." இணைய ஏலத்தில் எதையாவது விற்றவர்களுக்கு இது பழகிய குரல். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிய ஒரு நல்ல வாடிக்கையாளரை இழக்க வேண்டியிருந்தது.

செங்கோட்டையில் இருந்துகொண்டு திருவிதாங்கூர் ஸ்டாம்புகள் விற்கிறேன். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அந்த சமஸ்தானம் 'அஞ்சல்' என்று தனித் தபால் நடத்தியது. 1888இல் சங்கு முத்திரையோடு சொந்த ஸ்டாம்பு போட்டது. 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு கலந்தது. என் தாத்தா அஞ்சலோட்டக்காரர், மணி கட்டிய கம்போடு ஓடியவர். அதனால் இங்கே பழைய வீட்டுப் பரணை ஒழித்தால் கடிதக் கட்டு ஒன்றாவது விழும். இணைய ஏலத் தளமான ஈபேயின் இந்தியப் பிரிவு 2018இல் மூடப்படும்வரை அதில் விற்றேன். இப்போது உள்ளூர்க்காரர்களுக்கு வாட்ஸாப் குழு ஏலம், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஈபே.

2011 ஆடி. சாரல் விழுந்துகொண்டிருந்த நேரம். திருவிதாங்கூர்–கொச்சி ஸ்டாம்புகள் 43, ஒரே கட்டாக, 500 ரூபாயில் தொடங்கினேன். இரண்டு பேர் போட்டி போட்டு 850 வந்தது. இன்னும் நாலு நாள் பாக்கி. அப்போதுதான் அந்த 1,800. எண்ணூற்றைம்பது எங்கே, இது எங்கே! பொருள் தொலைந்துவிட்டது என்று காரணம் போட்டு ஏலத்தை முடித்தேன். மறுநாளே பணம் வந்தது.

மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்டாம்பு வேறொரு இடத்தில் ஏலத்துக்கு வந்தது, தொடக்க விலை 6,000. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது சக்கரம், காசு என்று திருவிதாங்கூர்ப் பண மதிப்பு போட்டிருந்த பழைய ஸ்டாம்புகளின் மேல் அணா, பை என்ற இந்திய மதிப்பை அச்சடித்தார்கள். அந்த ஓவர்பிரின்ட் சிலவற்றில் தலைகீழாக விழுந்திருக்கும். என் கட்டில் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. நான் லென்ஸை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அது பண நஷ்டம், போகட்டும். 850 கேட்டிருந்தவர் கேரளத்துப் புனலூரில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். "சாரே, ஸ்டாம்பு களஞ்ஞு போயோ?" என்று எழுதியிருந்தார். தொலைந்துபோச்சா என்று கேட்கிறார் மனுஷன். ஆமாம் என்றேன். அந்த 6,000 ஏலத்தை அவரும் பார்த்திருப்பார். எட்டு வருஷம் என் ஏலம் எதிலும் அவர் பெயர் வரவில்லை.

நான் செய்தது சட்டப்படி குற்றமா என்றால், வெறுமனே விலக்கிக்கொள்வது குற்றமாகத் தெரியவில்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவில், சுத்தியல் விழுந்தால்தான் ஏல விற்பனை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை கேட்டவரும் தன் விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். (விற்பவரே முன்கூட்டிச் சொல்லாமல் ஆள் வைத்து விலை ஏற்றினால் அதை மோசடி என்று வாங்கியவர் தள்ளலாம் என்பதும் அதே பிரிவில்தான்.) ஆனால் மேலப்பாளையம் மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அங்கே எல்லா வியாபாரமும் துண்டுக்குள்தான் என்று வந்தவனுக்குத் தெரியும். பத்துப் பேரைக் கூட்டி "கேளுங்க, கேளுங்க" என்று கூவிவிட்டு, நடுவில் ஒருத்தன் கையை மட்டும் துண்டுக்குள் இழுத்தால்? அதைத்தான் நான் செய்தேன்.

இப்போது என் வழக்கம் இது.

யாருமே இன்னும் விலை கேட்கவில்லை என்றால் பொருள் முழுக்க உங்களுடையது. தனியாக வரும் விலையை ஏற்கலாம், தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கே ஏற்காதீர்கள். அவசரப்படுகிறவர் உங்கள் படத்தில் நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கலாம். ஸ்டாம்பு என்றால் லென்ஸ், நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே இருக்கும் அடையாளம்), ஓரத்துப் பல் எண்ணிக்கை, பின்பக்கம். கடிகாரம் என்றால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாளும் அந்த விலை சரியென்று பட்டால், ஏலத்தை நிறுத்தி அதே தளத்திலேயே நிலையான விலை போட்டு அவரை வாங்கச் சொல்லுங்கள். ஈபேயில் பார்த்த பொருளை வெளியே வைத்து முடிப்பதற்கு அங்கே தடை உண்டு. கணக்கு முடங்கலாம். வெளியே பணம் கொடுத்தவருக்கு அந்தத் தளத்தின் பாதுகாப்பும் கிடையாது. கமிஷன் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள், வேண்டாம்.

ஒருவர் விலை கேட்டுவிட்டார், ஐம்பது ரூபாயே ஆனாலும் சரி, அப்புறம் தனிப் பேச்சு கிடையாது. நான் அனுப்பும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஐயா, ஏலத்தில் ஆள் வந்துவிட்டார்கள். இடையில் முடிப்பதில்லை. நீங்கள் சொன்ன தொகையையே அங்கே உச்ச விலையாகப் போட்டு வையுங்கள். மற்றவர் ஏற்றினால்தான் உங்கள் விலையும் ஏறும்." பாதிப் பேருக்கு இந்த வசதி ஈபேயில் இருப்பதே தெரியாது. 1,800 என்று போட்டு வைத்தால் அது ரகசியமாக இருக்கும், அடுத்தவரைவிட ஒரு படி மட்டும் கூடுதலாகத் தளமே கேட்டுக்கொண்டு போகும். வாட்ஸாப் குழுவில் இது இல்லை. அங்கே நேரம் முடியும்போது முழித்திருக்க வேண்டியதுதான்.

உண்மையாகவே நிறுத்த வேண்டி வரும். பேத்தி ஆல்பத்தில் தண்ணீர் கொட்டிவிட்டாள், விவரத்தில் வருஷம் தப்பு, கூரியர் பையன் கசக்கிவிட்டான். அப்போது தாமதிக்கக் கூடாது. ஈபேயில் 12 மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தால், கேட்ட விலைகளை ரத்து செய்துவிட்டு முடிக்கலாம். அதற்குள் வந்துவிட்டால், ஆள் இருக்கும் ஏலத்தை அப்படி ரத்து செய்ய முடியாது. அதிகம் கேட்டவருக்கே விற்றுத்தான் முன்கூட்டி முடிக்கலாம். விலை கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், கெட்டுப்போனதைப் படம் எடுத்து அனுப்புங்கள். விவரத் தப்பு என்றால் திருத்திப் போட்டதும் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். தொலைந்தது என்று சொன்ன பொருளை அடுத்த மாதம் வேறு குழுவில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சேகரிப்பாளர்கள் ஸ்டாம்பின் பல்லை எண்ணுகிறவர்கள், அவர்களுக்கு மறதி கிடையாது.

வாங்குகிற பக்கம் இருப்பவருக்கும் கொஞ்சம். "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?" என்று மட்டும் அனுப்பாதீர்கள். அதற்கு நான் பதிலே போடுவதில்லை. கேட்பதானால் முதல் ஆள் வருவதற்கு முன்னால், தொகையைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கேளுங்கள். மாட்டேன் என்றால் ஏலத்துக்கு வாருங்கள். மறுத்தவரைப் பற்றிக் குழுவில் முனகுவது அசிங்கம். அதைவிட மோசம், தனியாகப் பேசிக்கொண்டே ஏலத்திலும் சின்னத் தொகை போட்டுப் பிறரைக் குழப்புவது.

ஏலம் முடிந்தபின் தனிப் பேச்சுக்கு இடம் உண்டு. ஜெயித்தவர் பணம் கட்டாமல் நழுவினால், அடுத்ததாக நின்றவரிடம் அவர் கடைசியாகக் கேட்ட தொகைக்கே கொடுக்கலாம். நூறு ரூபாய்கூட ஏற்றக் கூடாது. நழுவியவர் விலையேற்ற நீங்களே வைத்த ஆள் என்று அவர் நினைத்துவிட்டால் முடிந்தது கதை. குழு ஏலம் என்றால் நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குச் சேர வேண்டிய பங்கையும் கொடுத்துவிட்டே பேசுங்கள்.

2019இல் அப்படித்தான் நடந்தது. சங்கு முத்திரை அஞ்சல் கார்டு ஒன்று, 1,250க்கு எடுத்தவர் போனையே எடுக்கவில்லை. அதற்குக் கீழே 1,200இல் நின்றது புனலூர் வாத்தியார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். கைநடுக்கத்தோடு எழுதினேன், உங்கள் 1,200க்கே தருகிறேன் என்று. அதோடு 2011இல் ஸ்டாம்பு தொலையவில்லை என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் 1,200 ரூபாயும் தபால் செலவுக்கு 50ம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி: "அறியாம் சாரே." தெரியும் என்கிறார்.