ஷட்டரை இறக்கிவிட்டு டி.சி.இ. டப்பாவைத் திறக்காதீர்கள்

குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்கு மோட்டார், கியர்பாக்ஸ் வேலை பார்ப்பவன் நான். கிரீஸ் பிசுக்கு எடுக்கப் பட்டறையில் டி.சி.இ. என்று ஒன்று வைத்திருப்போம். முழுப்பெயர் ட்ரைகுளோரோஎதிலீன். நிறம் கிடையாது, குளோரோஃபார்ம் மாதிரி லேசான இனிப்பு வாசம். துணியில் நனைத்து ஒரு இழு இழுத்தால் இரும்பு பளிச்சென்று ஆகிவிடும், உடனே காய்ந்தும் விடும். பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றாது என்பதால் இதற்கு யாரும் பயப்படுவதில்லை.

ஒரு டிசம்பர் காலை. வெளியே நல்ல குளிர். ஷட்டரை இறக்கிவிட்டு, தேயிலையை வாட்டுகிற விதரிங் ஃபேன் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தோம். உதவிக்கு வந்த தம்பி தரையில் குந்தி, ட்ரேயில் பேரிங் கழுவிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அண்ணே, தலை சுத்துது" என்று எழுந்தவன் அப்படியே சாய்ந்தான். தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். இந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். வாசத்தை நம்பவும் முடியாது, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். இப்படி யாராவது விழுந்தால் டாக்டரிடம் டி.சி.இ. என்று பெயரைச் சொல்லுங்கள். இதை மூச்சில் இழுத்தவருக்கு அட்ரினலின் ஊசி போட்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

அன்று மூலையில் குளிருக்குக் கரி அடுப்பு வேறு எரிந்துகொண்டிருந்தது. நினைத்தால் இப்போதும் உதறுகிறது. இந்த ஆவி கங்கிலோ வெல்டிங்கிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம், முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அதனால் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் வெந்நீரும் சோப்பும் போதுமா என்று பாருங்கள். ஹவுசிங், மூடி, போல்ட்டுக்கெல்லாம் தாராளமாகப் போதும். டி.சி.இ. இல்லாமல் முடியாது என்றால் வேலையை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். குந்தாதீர்கள், மேஜை மேல் வைத்து, காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்று துடையுங்கள். துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிக்கு அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை ஊறிப்போகும், விட்டான் (Viton) என்ற தனி ரக ரப்பரில் செய்த கையுறை தாங்கும். தோல் வழியாகவும் இது உள்ளே இறங்கும். அப்புறம், டி.சி.இ.யில் வேலை செய்துவிட்டு சாயங்காலம் தண்ணி போட்டால் முகம் திட்டுத்திட்டாகச் சிவக்கும், அதைச் சரக்கின் மேல் பழி போடாதீர்கள்.

நாள்பட்டால் ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். மனிதருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் முடிவு செய்தது. அமெரிக்கா 2024 டிசம்பரில் தடை விதியே கொண்டுவந்தது.

மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், மண்ணுக்குள் நேராக இறங்கிவிடும். நான் அழுக்குத் துணியையும் கழிவையும் மூடியுள்ள இரும்பு டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுக்கிறேன். எங்கள் பட்டறைக்குக் கீழே, சரிவில் ஒரு ஊற்று இருக்கிறது. முக்கு டீக்கடைக்கு அங்கேதான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.