கார்டில் ஒற்றைக் கோடு: டயாலிசிஸ் தொடங்கும்போது ஹெபடைடிஸ் சி விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஹெபடைடிஸ் சி, ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ். அது விஷயத்தில், டயாலிசிஸ் யூனிட்டில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள், நான் முன்பு செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கையுறை மாற்றுவது, கை கழுவுவது எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் வைரஸ் இல்லை என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கார்டு டெஸ்ட் (உடனே முடிவு தெரியும் ரத்தப் பரிசோதனை), எலைசா (லேபில் செய்வது) இரண்டும் தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை. தொற்றியபின் அது தென்பட இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்குத் தென்படாமலே போகும். வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பிசிஆர் ஓரிரு வாரத்தில் காட்டிவிடும்.

ஓர் அம்மா கழுத்தில் கதீட்டரோடு (டயாலிசிஸுக்கான குழாய்) வந்தார். வேறிடத்தில் அவசரமாக நான்கு டயாலிசிஸ், இரண்டு யூனிட் ரத்தம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. கார்டில் ஒற்றைக் கோடு, அதாவது நெகட்டிவ்; சரி என்று, தொற்று இல்லாதவர்களுக்கான மெஷினில் போட்டேன். ஏழு வாரத்தில் எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) 14-லிருந்து 38 ஆனது. லேப் தாளில் அது நார்மல்தான். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த அளவு பொதுவாகவே குறைவாக இருக்கும், இப்படி ஏறினால் விடக்கூடாது. சீனியர் சிஸ்டர் பிசிஆர் அனுப்பச் சொன்னார். பாசிட்டிவ். அன்றும் ஆன்டிபாடி நெகட்டிவ். அந்த ஷிப்டில் இருந்த எல்லாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. "எதுக்குத் தம்பி இந்த டெஸ்ட்?" என்று ஒரு பெரியவர் கையை நீட்டியபடி கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

தொடங்கும்போதே பிசிஆர் கேளுங்கள். எல்லாருக்கும் முடியாவிட்டால், வேறு யூனிட்டிலிருந்து வருபவர்களுக்கும் ரத்தம் ஏற்றியவர்களுக்குமாவது. எஸ்ஜிபிடி மாதாமாதம், ஹெபடைடிஸ் சி பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மெஷினைப் பிரித்துவிட்டு ஹெபாரினைப் பிரிக்காதது

ஹெபாரின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து. அதன் ஒரே குப்பியும் டிரேயும் பெட் பெட்டாகப் போனால் தனி மெஷின் வைத்தும் பயனில்லை. ஆளுக்குரிய ஊசியைத் தனி இடத்தில் தயார் செய்து எடுத்து வாருங்கள்.

"கிட்னி போனவங்களுக்கு இதுக்கு மருந்து இல்லை" என்பது

அது இன்டர்பெரான் என்ற பழைய ஊசி மருந்தின் காலத்துப் பேச்சு. சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை 12 வாரம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம்.

குணமானவருக்கு மறுபடி ஆன்டிபாடி பார்ப்பது

வீண். பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். ஆர்என்ஏ பாருங்கள். அது நெகட்டிவ் என்றால் அவரைப் பாசிட்டிவ் ஆனவர்களுக்கான மெஷினிலேயே வைத்திருக்காதீர்கள். ஆனால் மறுபடி தொற்றலாம், தடுப்பூசியும் கிடையாது.