இணையவழிப் பட்டப்படிப்பு: முதல் வகுப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை

வளாகத்தில் படிப்பவர் எப்போது, எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கால அட்டவணையே முடிவு செய்துவிடுகிறது. இணையவழியில் படிப்பவரோ அந்த முடிவை ஒவ்வொரு நாளும் தாமே எடுக்க வேண்டியிருக்கிறது. எனவே சேர்க்கை உறுதியானவுடன், மடிக்கணினியைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னால், நேரக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பாடத்தின் கிரெடிட் எண்ணிக்கையே இக்கணக்குக்கு அடிப்படை. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். விரிவுரை கேட்பது, வாசிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, தேர்வுக்குப் படிப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 5 கிரெடிட் பாடம் ஒன்று 15 வாரங்கள் நடந்தால் வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவைப்படும். அத்தகைய மூன்று பாடங்களுக்கு 25 முதல் 30 மணி நேரம். முழுநேர வேலையில் இருப்பவர் முதல் பருவத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பாடங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கிரெடிட்டின் அளவு நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் பார்த்தே கணக்கிடுங்கள்.

கிடைத்த மணி நேரங்களை நாட்காட்டியில் கிழமை, நேரத்தோடு குறித்து, அந்த வேளைகளில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று உடன் வசிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர் சும்மா இருக்கிறார் என்று எண்ணுவது மனித இயல்பு. ஒப்படைப்புகளுக்கான கெடுக்களைக் குறிக்கும்போது நேர மண்டலத்தைக் கவனியுங்கள்: பல்கலைக்கழகத்தின் கடிகாரம் உங்களுடையதைவிட 6 மணி நேரம் முன்னால் ஓடினால், அங்கே இரவு 11.59 என்பது உங்களுக்கு மாலை 5.59. கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடாக இருந்தால், இந்த இடைவெளி பருவத்தின் நடுவிலேயே ஒரு மணி நேரம் மாறிவிடவும் கூடும்.

படிக்கும் முறையையும் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பதிவு செய்யப்பட்ட விரிவுரையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற வசதியே பலரைப் பின்தங்க வைக்கிறது. பார்த்ததையே திரும்பப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்ப முடியாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை காணொளியை நிறுத்தி, குறிப்பைப் பார்க்காமல், அதுவரை கேட்டதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும், நேரமும் மிச்சமாகும்.

கருவிகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. ஒலிவாங்கியுடன் கூடிய தலையணிக் கருவி, கோப்புகளுக்கு மேகச் சேமிப்பில் ஒரு நகல், இணையம் துண்டிக்கப்பட்டால் கைபேசியின் ஹாட்ஸ்பாட் ஆகியவை இருந்தால் பெரும்பாலான பாடங்களைச் சமாளித்துவிடலாம். கண்காணிப்பு மென்பொருளுடன் நடக்கும் தேர்வுதான் இதற்கு விதிவிலக்கு. அந்த மென்பொருள் சில இயங்குதளங்களில் வேலை செய்யாது. அலுவலகக் கணினியில் அதை நிறுவ அனுமதி கிடைக்காமலும் போகலாம். மாதிரித் தேர்வு வசதி இருந்தால் பருவத்தின் முதல் வாரத்திலேயே, உண்மையான தேர்வை எழுதப்போகும் அதே அறையில், அதே கணினியில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஏதேனும் சிக்கல் எழுந்தால், பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பையும் பாடக் குறியீட்டையும் இணைத்துத் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு அன்றே எழுதிவிடுங்கள்.