ஜார்ஜ் டவுனில் ஒரு பீரியட் காதல் காமெடி: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைக் கதை என்றால் நம் சினிமாவுக்குக் கேரம்போர்டும் பட்டாக்கத்தியும்தான். பட்டு உடுத்தி, வெள்ளி டம்ளரில் காபி குடித்துக்கொண்டே காதலிக்கிற பெரிய இடத்துக் கதை என்றால் யூனிட் வண்டி காரைக்குடிக்குக் கிளம்பிவிடும். முதல் தவறு அதுதான். இந்த ஊரின் பழைய பணம் புழங்கியது ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் தங்கசாலையிலும். வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பும் தரகும் பார்த்த துபாஷிகள், கோமுட்டிச் செட்டியார்கள், பேரிச் செட்டியார்கள், முதலியார்கள், குஜராத்தி சௌகார்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இங்கே வாழ்ந்தது. கொஞ்சம் வடக்கே நடந்தால் ராயபுரத்தில் பார்சிகள். அவர்களுடைய அக்னி கோயில் 1910இல் கட்டியது, இன்றும் இருக்கிறது. இவ்வளவு பேர் ஒரே வட்டாரத்தில் இருக்கும்போது காதலுக்கும் கலாட்டாவுக்கும் பஞ்சமா?

அடுத்து, ‘முப்பது நாற்பதுகளில் ஒரு கதை’ என்று மொத்தமாக ஆரம்பிப்பது. வருஷத்தைக் குறித்துக்கொள்ளாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. 1935இல் ஹீரோ கிறிஸ்தவக் கல்லூரி மாணவன் என்றால் அவன் படிப்பது பாரிமுனைக்குப் பக்கத்தில். தாம்பரத்துக் காடு அந்தக் கல்லூரிக்கு 1937இல்தான் வந்தது. பச்சையப்பன் கல்லூரியும் 1940 வரை இந்தப் பக்கத்தில்தான். 1942 ஏப்ரல் என்றால் கதையே வேறு. ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. வசதியுள்ள குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர் போயின. ஜென்மப் பகையுள்ள இரண்டு குடும்பம் திருவள்ளூர் பக்கம் ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டால், பாதி திரைக்கதை தானாக எழுதிக்கொள்ளும். பெட்ரோல் ரேஷன் வேறு. பெரிய மனிதர்களின் கார்களுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டிய காலம் அது. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்து இறங்கும்போது மூஞ்சியெல்லாம் கரி. இதைவிட நல்ல அறிமுகக் காட்சியை எந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து யோசிப்பது?

ஆனால் படத்தையே கவிழ்க்கிற தவறு, சந்திக்கிற இடம்தான். 1934இல் நாயகனும் நாயகியும் ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிப்பதாக எழுதுகிறார்கள். அவ்வளவு எளிதாகப் பார்த்துப் பேச முடிந்தால் அப்புறம் எதற்கு பீரியட் படம்? இந்த மாதிரிக் கதையில் சிரிப்பு வருவதே தடையிலிருந்துதான். இன்னின்னாரை இன்ன இடத்தில்தான் பார்க்கலாம், இன்னார் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேசலாம் என்று பெரிய வீட்டில் கட்டுப்பாடு இருக்கும். அதை மீறாதது போலக் காட்டிக்கொண்டே மீறுவதுதான் காமெடி. கந்தகோட்டத்தில் கிருத்திகைக் கூட்டம், அத்தைப்பாட்டி வலம் வரப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் பேரம் பேசலாம். ஜார்ஜ் டவுன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. வடகம் காயவைக்கிற மொட்டைமாடி இருக்கிறது. நாடக சபா இருக்கிறது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து நடித்த சுகுண விலாச சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். மாப்பிள்ளையாகப் போகிறவர் மேடையில் தமயந்தியாக வந்து நிற்க, மாமனாராகப் போகிறவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும்.

நாயகியின் வயதும் இதோடு சேர்ந்ததுதான். சாரதா சட்டம் அமலுக்கு வந்தது 1930இல். அது பெண்ணுக்கு வைத்த குறைந்தபட்சக் கல்யாண வயதே 14. ஆசாரமான வணிகக் குடும்பத்தில் இருபத்தொரு வயதுப் பெண் கல்யாணமாகாமல் ராணி மேரிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள் என்றால் தெருவே பேசும். அந்தப் பேச்சைக் கதைக்குள் கொண்டு வாருங்கள். ஒன்றும் நடக்காதது போலக் கடந்துபோனால் நம்ப மாட்டோம். ‘டிவோர்ஸ் பண்ணிடுவேன்’ என்று பெண்டாட்டி மிரட்டுகிற வசனத்தையும் கிழித்துப் போடுங்கள். சென்னை மாகாண இந்துக்களுக்கு விவாகரத்தும், இரண்டாம் தாரத் தடையும் 1949இல் ஒரே சட்டத்தில்தான் வந்தன. அதற்கு முன்னால் ‘இன்னொருத்தியைக் கட்டிக்குவேன்’ என்று புருஷன் மிரட்டினால் அது வெறும் மிரட்டல் இல்லை.

கிளப் நடனம் இல்லாத பீரியட் படமே கிடையாது போலிருக்கிறது. மெட்ராஸ் கிளப்பில் நம் ஆட்கள் கவுனும் கோட்டுமாக ஆடுவதை எடுத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள், நீங்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல. அந்தக் காலத்தில் அங்கே இந்தியருக்கு இடமே கிடையாது. இந்தியர்களுக்காக 1873இல் தொடங்கிய காஸ்மாபாலிடன் கிளப் இருக்கிறதே, அங்கே சீட்டாட்டம் வையுங்கள். கதை 1950 என்றால் பார்ட்டியில் கோப்பையை வெளிப்படையாகத் தூக்கவும் முடியாது. 1948 அக்டோபரில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பெர்மிட் வைத்திருக்கும் மாமாவைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். காபி டம்ளரில் வேறு எதுவோ இருக்கும்.

பேச்சில் இன்னொரு கோளாறு. முதலாளி மேடைத்தமிழ், வேலைக்காரர் மெட்ராஸ் பாஷை, சௌகார் ‘நம்பள் நிம்பள்’. இதை விட்டுத் தொலையுங்கள். கோமுட்டிச் செட்டியார் வீட்டில் உள்ளே தெலுங்கு, கடையில் தமிழ், கோர்ட்டில் ஆங்கிலம். கோபம் வந்தால் எந்த மொழிக்குத் தாவுகிறார் என்பதை வைத்தே ஒரு பாத்திரத்தைக் கட்டலாம். ரிக்‌ஷாக்காரரையும் சமையற்காரரையும் அடி வாங்கவும் உளறவும் மட்டும் வைக்காதீர்கள். எந்த வீட்டுப் பெண் எந்த நாளில் எந்தக் கோயிலுக்குப் போவாள் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். சின்ன எஜமான் அவர்களிடம் கெஞ்சட்டும்.

சாமான்களில் சுருக்கமாகச் சில. 1936 பணக்கார வீட்டில் எவர்சில்வர் கூடாது, வெள்ளி, பித்தளை. நைலான் புடவை கூடாது. காதில் புளூ ஜாகர் என்ற உயர்ரக வைரத்தோடு இருக்கலாம், அதன் விலையைப் பற்றி மாமியார்கள் பேசிக்கொண்டே இருக்கலாம். நயா பைசா 1957இல் வந்தது. அதுவரை அணாவும் தம்படியும். டிராம் 1953 வரை உண்டு. பர்மா பஜார் கடைகள் பின்னணியில் தெரிந்தால் ஷாட்டை வெட்டுங்கள்.

கடைசியாகக் கிளைமாக்ஸ். காதலர்கள் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு ஓடுகிறார்கள், கையெழுத்து, மாலை, சுபம். முப்பதுகளில் இது இவ்வளவு லேசில் நடக்காது. இருவரும் வேறு வேறு சாதி என்றால் அவர்களுக்கு இருந்த வழி 1872ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம், 1923இல் திருத்தியது. நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். 21 வயது ஆகாவிட்டால் அப்பாவின் சம்மதம் வேண்டும். இந்துப் பையன் அதன்படி கல்யாணம் செய்துகொண்டால், கூட்டுக் குடும்பத்திலிருந்து அவன் பிரிந்துவிட்டதாகவே சட்டம் கருதும். அதாவது, தங்கசாலைச் செட்டியார் ‘தலைமுழுகிட்டேன்’ என்று கத்துவதற்கு முன்பே பாகப்பிரிவினை வாசலில் நிற்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அதே சட்டம் அப்பாவுக்கும் ஒன்று கொடுத்தது: வேறு மகன் இல்லையென்றால் அவர் தத்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதினான்கு நாளும் சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டு, செட்டியார் வீட்டுத் திண்ணையில் வரிசையாக உட்கார வைக்கட்டும்.