மைசூர்பாகுக்குச் சுத்தியல் வேண்டாம்: ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர், இரண்டு கடி ஜோக்

தீபாவளி மலர் ஜோக்குகளில் மாமியார், மாப்பிள்ளை எல்லாரும் மாறுவார்கள், ஒன்று மட்டும் மாறாது: மைசூர்பாகை உடைக்க ஒருவர் சுத்தியலைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த ஜோக் இத்தனை வருஷம் ஓடுவதற்குக் காரணம், அது பல வீட்டில் நிஜமாகவே நடப்பதுதான். நாலே சாமான்: கடலை மாவு, சர்க்கரை, நெய், தண்ணீர். இருந்தும் ஒரு நாள் கல், ஒரு நாள் அல்வா, ஒரு நாள் புட்டு. கைராசி என்று சொல்லி விட்டுவிடத் தேவையில்லை. தவறு நடக்கிற இடங்கள் மூன்றே மூன்று: அளவு, பாகு, இறக்குகிற நேரம். முதல் இரண்டையும் கருவியிடம் ஒப்படைத்துவிடலாம். மூன்றாவதுக்குக் கண்தான் வேண்டும். முதல் இரண்டில் கவலை விட்டுப்போனால், அந்த மூன்றாவதைப் பார்க்கக் கண்ணுக்கு நிதானம் கிடைக்கும்.

இங்கே சொல்வது பழைய முறை மைசூர்பாகு. ஓட்டை ஓட்டையாக, நடுவில் செம்பழுப்புப் பட்டை ஓட, கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து நாக்கில் கரைவது. மைசூர் அரண்மனையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் காகாசுர மாதப்பா என்ற சமையல்காரர் செய்தது என்று சொல்வார்கள். அவர் வழி வந்தவர்களின் கடை இன்றும் மைசூர் தேவராஜா மார்க்கெட் பக்கம் இருக்கிறது. வாயில் போட்டதும் வழுக்கும் நெய் மைசூர்பா வேறு பதார்த்தம். அதைப் பிறகு பார்ப்போம்.

கப்பைக் கீழே வையுங்கள்

"ஒரு கப் மாவு, இரண்டு கப் சர்க்கரை" என்ற கணக்கில்தான் முதல் கோளாறு. 200 மில்லி டம்ளரில் சலித்த கடலை மாவை லேசாக நிரப்பினால் 85, 90 கிராம் இருக்கும். அதே டம்ளரைத் தட்டி அமுக்கினால் 110க்கு மேல் போகும். சர்க்கரையோ 170 கிராம் பக்கம் பிடிக்கும். இரண்டு பேர் ஒரே குறிப்பை வைத்துச் செய்து இரண்டு விதமாக வருவது இதனால்தான். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பாத்திரத்தை வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும், அப்புறம் சாமானைக் கொட்டினால் போதும். தராசைச் சமதளத்தில் வையுங்கள். மெத்தென்ற மேஜைவிரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும்.

அளவு இது: கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 150 மில்லி, கொழுப்பு மொத்தம் 350 கிராம். இந்தக் கொழுப்பில் 200 நெய், 150 வாசனையில்லாத ரீஃபைண்ட் எண்ணெய் என்று கலந்துகொள்ளலாம். முழுக்க நெய்யிலேயும் செய்யலாம், வாசனை தூக்கும். ஆனால் ஓட்டை விழுவதற்கும் நெய்யின் விலைக்கும் சம்பந்தமில்லை, நெய்யின் சூடுதான் முக்கியம். முதல் தடவை இந்த அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். வீட்டு அடுப்புக்கு 200 கிராம் மாவு கனம். சூடு விட்டுப்போய்க் கூடு கட்டாது.

மாவு புதிதாக இருக்கட்டும். நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்போ சிக்குவாடையோ அடித்தால் எவ்வளவு நெய் ஊற்றினாலும் அது மறையாது. மில்லில் அரைப்பதானால் மிளகாய் அரைத்த மெஷினில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு அரையுங்கள். இரண்டு தடவை சலித்து, அந்த 350 கிராமிலிருந்து இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்து, சின்னத் தீயில் மாவை மூன்று நிமிஷம் வறுங்கள். நிறம் மாறக் கூடாது, பச்சை வாடை மட்டும் போகவேண்டும். ஆறியதும் மறுபடியும் ஒரு சலிப்பு. இந்த மூன்றாவது சலிப்பை விட்டவர்களுக்குத்தான் பாகில் கட்டி தட்டும்.

தெர்மாமீட்டரில் எது

பிஸ்டல் மாதிரி நீட்டிப் பார்க்கிற இன்ஃப்ராரெட் வகை இந்த வேலைக்கு ஆகாது. அது மேல்பரப்பை மட்டும்தான் அளக்கும், நடுவில் ஆவி குறுக்கே வரும், பளபள எவர்சில்வரைக் காட்டினால் ஏமாந்துபோய்க் குறைத்துச் சொல்லும். கம்பியை உள்ளே விட்டு அளக்கிற, 200 டிகிரிக்கு மேல் காட்டக்கூடிய டிஜிட்டல் வகை வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வாங்கியதும் வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கம்பியின் நுனி அடியில் படாமல் அளந்து பாருங்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ 100 டிகிரி காட்டவேண்டும். பெங்களூரில் 97 பக்கம் வரும், ஊட்டியில் 92, 93தான். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அதனால் 'பாகு இத்தனை டிகிரி' என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் 6 டிகிரி, அதுதான் ஒரு கம்பிப் பதம். சென்னையில் 106, ஊட்டியில் 98, 99.

ஃபோனில் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிஷத்துக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். நெய்க்கையோடு திரையைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பதினைந்து விநாடியில் பாகு இரண்டு கம்பிக்கு ஓடிவிடும்.

அடுப்பில்

இரண்டு அடுப்பும் வேண்டும். ஒன்றில் அடிகனமான ஆழ வாணலி. சாமான் அதில் கால் பங்குக்கு மேல் நிற்கக் கூடாது, நெய் விழும்போது பொங்கும். இன்னொன்றில் நெய்ப் பாத்திரம். இண்டக்‌ஷன் அடுப்பைவிட கேஸே நல்லது. பல இண்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த சூட்டில் விட்டுவிட்டுத்தான் எரியும், பாகு கொதிப்பதும் அடங்குவதுமாக இருக்கும்.

தட்டை முதலிலேயே தயார் செய்துவிடுங்கள். 15 சென்டிமீட்டர் சதுரம், குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம், உள்ளே நெய் தடவியது. அதை கிரானைட் மேடைமேல் நேராக வைக்காதீர்கள். கல் அடிச்சூட்டை உறிஞ்சிவிடும், நடுவில் பழுப்புப் பட்டை விழாது. மரப்பலகை அல்லது நாலாக மடித்த துணியின் மேல் வையுங்கள்.

சர்க்கரையையும் தண்ணீரையும் சேர்த்து, கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கொதித்த பிறகு கரண்டி வேண்டாம். கிளறினால் ஓரத்துச் சர்க்கரை உள்ளே விழுந்து பூத்துப்போகும். மேலே அழுக்கு நுரை வந்தால் ஒரு டீஸ்பூன் பால் விட்டு ஒதுக்கி எடுங்கள். 6 டிகிரி கூடியதும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, சற்று ஆறியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுபடாமல் நிற்கும். கருவி சொல்வதை விரலும் ஒப்புக்கொள்ளட்டும். தவறிப்போய், சென்னைக் கணக்கில் 110 தாண்டிவிட்டால் பயப்படாதீர்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சினால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மாவு போட்ட பிறகு இந்தச் சலுகை இல்லை.

தீயைக் குறைத்து, ஒரு கையால் மாவைத் தூவ, மறு கையால் கிளறுங்கள். இரண்டு ஆள் இருந்தால் நிம்மதி. இதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் நெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருக்கவேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள், சுர்ரென்று உடனே மேலே வரவேண்டும். இந்தச் சூடுதான் ஓட்டைக்குக் காரணம். கொதிக்கிற நெய் பாகில் படும்போது அதிலிருக்கும் தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகிக் கிளம்பும், வெந்த மாவு அந்த ஆவியைச் சுற்றிச் சுவர் கட்டும். நெய் வெதுவெதுப்பாக இருந்தால் ஆவி கிளம்பாது, மாவு நெய்யைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். சுத்தியல் ஜோக்குக்குப் பாதி மைசூர்பாகு இங்கேதான் தயாராகிறது.

ஒரு சின்னக் கரண்டி, சுமார் 50 கிராம் நெய் விடுங்கள். உஸ்ஸென்று நுரைக்கும். கிளறுங்கள். நெய் உள்ளே போனதும் அடுத்த கரண்டி. ஆறேழு தடவையில் நெய் முடியும், மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிஷம். கடைசிக் கரண்டியை மட்டும் நெருப்பிலேயே சூடாக நிறுத்திவையுங்கள்.

கடைசி ஒரு நிமிஷம்

இனி எந்தக் கருவியும் உதவாது. வாணலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் கலவை மஞ்சள் கூழாக, கரண்டியோடு பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சங்கொஞ்சமாக நிறம் வெளுக்கும். ஓரத்தில் ஊசிமுனை அளவில் வெள்ளைக் குமிழ்கள் வரிசைகட்டும். கரண்டியால் ஒதுக்கினால் அடி ஒரு விநாடி தெரிந்து மூடும். பிறகு குடித்த நெய்யைக் கலவை திரும்பக் கக்க ஆரம்பிக்கும். மேலெல்லாம் தேன்கூடு மாதிரி கண் கண்ணாகத் திறக்கும், வறுத்த கடலை வாசனை மூக்கில் ஏறும், கிளறுகிற கைக்குக் கனம் சட்டென்று குறைந்தது தெரியும். அதுதான் நேரம். கடைசிக் கரண்டி நெய்யை ஊற்றி, ஒரே கிளறு, அடுத்த மூச்சில் தட்டில் கொட்டிவிடுங்கள். இதற்கு மேல் அரை நிமிஷம் நின்றால் கண்களெல்லாம் உடைந்து, சர்க்கரை பூத்து, புட்டாகிவிடும்.

கொட்டியதைக் கரண்டியால் தட்டி அமுக்கிச் சமன் செய்யாதீர்கள். ஆசையாக இருக்கும், கைவைக்க வேண்டாம். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கூடு அந்த ஒரு தட்டில் நொறுங்கிவிடும். மேலும் கீழும் சீக்கிரம் ஆறும், நடுப்பகுதி மட்டும் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வெந்து சிவக்கும். அந்தப் பழுப்புப் பட்டை வருவது அப்படித்தான். மூன்று நிமிஷம் கழித்து, கத்தியில் நெய் தடவி, அடிவரை கோடு போடுங்கள். முழுக்க ஆறிய பிறகு வெட்டினால் சில்லுசில்லாகப் போகும். துண்டு போட்டதும் தட்டை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துவைத்தால் உபரி நெய் வடிந்து ஒதுங்கும்.

இந்த வேலையில் நெய் தெறிப்பதுதான் பெரிய ஆபத்து. நீளக் காம்புக் கரண்டி, ஈரமில்லாத பாத்திரம், குழந்தைகள் அடுக்களைக்கு வெளியே. தெறித்துவிட்டால் குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசக் கூடாது.

கல்லானால், கூழானால்

இறுகாமல் அல்வா மாதிரி நின்றால் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள். மறுபடி வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் கிளறுங்கள். ஓட்டை வராது, மெத்தென்ற துண்டு வரும். புட்டாக உதிர்ந்தால் வெந்நீர் கொஞ்சம் தெளித்து, சூடு பண்ணிச் சர்க்கரையைக் கரைத்து, மறுபடி சுருளக் கிளறித் தட்டில் அமுக்குங்கள். நல்ல கல்லாக ஆகிவிட்டால் மிக்ஸியில் அடிக்க வேண்டாம், ப்ளேடும் ஜாரும் பாழாகும். ஒரு துணியில் சுற்றி உடைத்து, சூடான பாலில் ஊறவைத்தால் அருமையான பாயசம்.

முதலில் சொன்ன மெத்தென்ற நெய் மைசூர்பா: கோவையில் 1948இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் ஊரெல்லாம் பழக்கப்படுத்திய வகை. மாவு 100, சர்க்கரை 180, தண்ணீர் 80 மில்லி, நெய் 200. வறுத்த மாவைப் பாதி நெய்யில் வெதுவெதுப்பாகக் கரைத்துக்கொண்டு, ஒரு கம்பிப் பாகில் ஊற்றி, மீதி நெய்யைச் சிறுகச் சிறுக விட்டு, ஒட்டாமல் திரண்டதும் இறக்குங்கள். இதில் அமுக்கிச் சமன் செய்யலாம், வெட்ட ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். தெர்மாமீட்டர் வாங்காதவர்கள் இதிலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

பரிமாறும்போது

சுத்தியல் ஜோக்குக்கு வேலை போய்விட்டதால் தட்டோடு கொடுக்க வேறு கடி ஜோக் வேண்டும். இரண்டு இதோ.

"மைசூர்பாகு ஏன் எல்லார்கிட்டயும் சட்டுன்னு பழகிடுது?"
"அதைச் செய்யும்போதே கடலை போட்டுத்தானே செய்யறாங்க!"

"யானைக்கு மைசூர்பாகுன்னா ஏன் பயம்?"
"பாகு கூட ஒரு 'அன்' சேர்ந்தா பாகன் ஆயிடுமே!"

சொல்கிற முறையும் பாகு மாதிரி, பதம் தவறக் கூடாது. கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், அதற்குள் எதிராளி ஒரு தப்பான பதில் சொல்லிவிடுவார், அப்போது விடையைப் போடுங்கள். விளக்கம் சொல்லவே கூடாது. ஒரு சபைக்கு ஒன்று போதும். துண்டு வாய்க்குள் போவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுங்கள். பொடிப்பொடியாக உதிர்கிற பண்டத்தை மென்றுகொண்டே சிரித்தால் புரையேறும். பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது விளையாட்டல்ல.

மிச்சத்தை முழுக்க ஆறவிட்டு, பட்டர் பேப்பர் போட்ட டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டி நமுத்துவிடும். ஃபிரிட்ஜ் வேண்டாம், நெய் உறைந்து வாயில் மெழுகாக ஒட்டும். வெளியிலேயே பத்து நாள் தாங்கும். தட்டிலிருந்து வடிந்த நெய்யைத் தோசைக்கு ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் சர்க்கரை கல்லில் கருகிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் ரவா கேசரிக்கு அதை விடுங்கள், கேசரிக்குப் போடுகிற சர்க்கரையில் ஒரு ஸ்பூனைக் குறைத்துக்கொண்டு.