ஒரே நாளில் காஞ்சியும் மாமல்லையும்: வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் சேர்த்து அழைத்துப் போகும் ஒருநாள் சுற்றுலாக்கள் நிறைய இருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பஸ்ஸிலும் போகலாம், தனியார் வேனிலும் போகலாம், காரும் வழிகாட்டியும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டும் போகலாம். எதில் போனாலும், திரும்பி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் "நிறைய கோயில் பார்த்தோம், ஒரே வெயில்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். இரண்டு ஊரும் ஒரே கதையின் இரண்டு பாதி. காஞ்சி பல்லவர்களின் தலைநகரம், மாமல்லை அவர்களின் துறைமுகம். அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போனால் நாள் முழுக்கப் பார்ப்பதெல்லாம் தானாக ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதைப் பிடிக்காமல் போனால் எட்டாவது கோயிலில் கால் வலி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

அதனால் முதல் வேலை, வழிகாட்டியிடம் என்ன வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுவது. "பல்லவர் கட்டியதை மட்டும் பார்க்கப் போகிறோம், காஞ்சியில் இரண்டு கோயில் போதும், மாமல்லையில் மெதுவாக நடக்கணும்" என்று சொன்னால் நல்ல வழிகாட்டியின் முகமே மாறிவிடும். வழக்கமாக ஒப்பித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு அவருக்கே பிடித்ததைப் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கிறது இல்லையா. அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளிடம் புகைப்படத்தோடு அடையாள அட்டை இருக்கும், காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு, இந்த மூன்றையும் வண்டியில் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாமல்லையில் இறங்கியதும் நுழைவுச்சீட்டு கவுன்டர் பக்கத்திலேயே நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொள்வார்கள், அங்கே அவசரத்தில் பேரம் பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: கடைகளுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா. காஞ்சியில் பட்டுக்கடை, மாமல்லையில் சிற்பக்கடை என்று இரண்டு நிறுத்தம் பல சுற்றுலாக்களில் தானாகவே சேர்ந்துகொள்ளும், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். சேலை எடுக்க வேண்டும் என்றால் அதற்கென்று இன்னொரு நாள் வாருங்கள், பட்டு எடுப்பது அவசரத்தில் செய்கிற காரியம் கிடையாது.

வரிசை மிக முக்கியம். காஞ்சி காலையில், மாமல்லை மாலையில். மாற்றிப் போகவே கூடாது. காஞ்சியின் கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகும், அந்த நேரத்தில் போய் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். மாமல்லையின் தொல்லியல் துறை இடங்கள் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை நடுவில் மூடாமல் திறந்திருக்கும். சென்னையிலிருந்து காஞ்சிக்குச் சுமார் 75 கிலோமீட்டர், விடியும் முன் கிளம்பினால் 8 மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் தொடங்கலாம்.

காஞ்சியில் முதலில் கைலாசநாதர் கோயில். ஊருக்கு மேற்கே ஒதுங்கி, கூட்டமில்லாமல் இருக்கும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திருச்சுற்றின் மதிலை ஒட்டி உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிற்றாலயங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிற்பம். சிலவற்றின் உள்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு கண், ஒரு கன்னம், கொஞ்சம் சிவப்பு வண்ணம் என்று. வழிகாட்டி காட்டாவிட்டால் அதைத் தாண்டி நடந்துவிடுவீர்கள், கேட்டுப் பாருங்கள். பெரும்பகுதி மணற்கல் என்பதால் காற்றும் மழையும் அரித்திருக்கின்றன, பிற்காலத்தில் சுண்ணம் பூசிச் செப்பனிட்ட இடங்களில் முகங்கள் உப்பிப்போய்த் தெரியும். எது பழைய கல், எது பிற்காலப் பூச்சு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல வழிகாட்டி.

இங்கே கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று சாளுக்கியர் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன், கர்நாடகத்தில் சாளுக்கியத் தலைநகராக இருந்த வாதாபியைப் பிடித்தான். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிக்குப் பழி என்று ஊரை அழித்திருக்கலாம். அவனோ இந்தக் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். முன்மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்பக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று படாது. தோற்ற ஊரின் கோயிலில், வென்றவன் மொழியில் எழுதிய எழுத்து இப்படி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நெகிழும்.

கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு குறுகலான பாதை உண்டு, நுழைவதற்கும் வெளியே வருவதற்கும் ஏறக்குறைய தவழ வேண்டும். பிறவி நீங்கும் என்று நம்பிச் சுற்றுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். பரமேச்சுர விண்ணகரம் என்ற பெயரில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இரண்டாம் நந்திவர்மன் கட்டிய இந்தக் கோயிலில் மூன்று நிலையிலும் கருவறை உண்டு, பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார். மேல்நிலைகளுக்கு எல்லா நாளும் ஏற விடமாட்டார்கள். ஆனால் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் சிங்கத்தூண்கள் தாங்கும் திருச்சுற்று மண்டபத்தின் சுவர். பல்லவர் வரலாறு முழுவதையும் அதில் சிற்ப வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோக, ஊர்ப் பெரியவர்கள் பல்லவரின் கிளைவழியில் வந்த இரணியவர்மனிடம் போய் மகன்களில் ஒருவனைக் கேட்கிறார்கள், மூத்தவர்கள் மறுக்கிறார்கள், கடைசிப் பையன், 12 வயதுக்காரன், நான் போகிறேன் என்கிறான். அவன்தான் நந்திவர்மன், இந்தக் கோயிலைக் கட்டியவன். கீழே விளக்க எழுத்துகளும் உண்டு, பல இடங்களில் தேய்ந்துவிட்டன. வழிகாட்டியை இந்த வரிசையில் நின்று ஒவ்வொரு கட்டமாகக் கதை சொல்லச் சொல்லுங்கள். குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு இதுதான் நாளின் சிறந்த அரை மணி நேரம்.

ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் மூன்றையும் விட்டுவிட மனசு வராது, தெரியும். சாமி கும்பிட வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், மூன்றையும் ஓடி ஓடிப் பார்த்தால் மாமல்லையில் நடக்கத் தெம்பு இருக்காது. சிற்பம் பிடித்தவர்களுக்கு வரதராஜர் கோயிலின் விஜயநகர கால மண்டபமும் அதன் கல் சங்கிலியும். கோபுரம் பிடித்தவர்களுக்கு ஏகாம்பரநாதர், அதன் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. எங்கே போனாலும் வெறுங்காலோடுதான், பத்து மணிக்கு மேல் கல் தரை கொதிக்கும். ஒரு ஜோடி பழைய காலுறை பையில் இருக்கட்டும்.

பன்னிரண்டுக்குள் காஞ்சியை முடித்துவிட்டு, சாப்பிட்டு, கிளம்புங்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் மலையைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே போய்விடுங்கள், மதிய வெயிலில் அந்தப் படிகள் வேண்டாம். வண்டியில் தூங்காமல் இருக்கும் ஆளாக இருந்தால் வழிகாட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பல்லவர்கள் ஏன் கல்லுக்கு மாறினார்கள்? முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைக் குடைந்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் இதைச் செய்தேன் என்று பெருமையாக எழுதி வைத்தான். அங்கே தொடங்கியதுதான் எல்லாம். முதலில் பாறையைக் குடைந்தார்கள், அப்புறம் பாறையையே கோயிலாகச் செதுக்கினார்கள், அப்புறம் கல்லை அடுக்கிக் கட்டினார்கள். மூன்றையும் ஒரே ஊரில் நடந்தே பார்க்க மாமல்லைதான் இடம்.

இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் முதலில் அர்ச்சுனன் தபசு, ஊருக்கு நடுவே தெருவோரத்திலேயே இருக்கிறது. சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். கிழக்கு பார்த்த பாறை என்பதால் மாலையில் நிழலில் இருக்கும், நின்று பார்க்கச் சுகம், ஆனால் படம் காலையில்தான் நன்றாக வரும். இது அர்ச்சுனன் தவமா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு, அதில் நாகர்கள், மேலே தண்ணீர் தேக்கிய தொட்டி இருந்ததற்கான தடயம். தண்ணீர் கொட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நான் கங்கைப் பக்கம்தான். யானையின் அருகே ஒற்றைக்காலில் கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் சுற்றி நிற்கும் எலிகளையும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவர்களே தேடட்டும்.

பக்கத்தில் இருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சி, மலைமேல் வராக மண்டபம், அப்புறம் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். கடைசியில் ஒரு பக்கச் சுவரில் துர்க்கை போரில் பாய்கிறாள், எதிர்ச் சுவரில் திருமால் அசையாமல் பள்ளிகொண்டிருக்கிறார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு ஐந்து நிமிடம் போதும்.

நான்கு மணிக்கு ஐந்து ரதங்கள். இதற்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அதே நாளில் ஒரே சீட்டு செல்லும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது, பெயர் பின்னால் வந்தது. ஒவ்வொன்றும் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒவ்வொரு வகைக் கட்டட மாதிரி: திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை மாதிரி, பீம ரதம் வண்டிக்கூண்டு மாதிரி, நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். தூங்கானை மாடம் என்றால் படுத்த யானையின் பின்பக்கம் போல வளைந்த கட்டடம். அதன் பக்கத்திலேயே ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் பின்னாலிருந்து சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிற்பி என்ன சொல்கிறான் என்று புரியும். வேலை முழுதாக முடியவில்லை என்பதால் உளி நின்ற இடமும் தெரியும்.

ஐந்து மணிக்குக் கடற்கரைக் கோயில். காலையில் கைலாசநாதரைக் கட்டினானே, அதே ராஜசிம்மனின் காலம். இரண்டு சிவன் சன்னதி, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். மணற்கல்லுக்குப் பதில் இங்கே கருங்கல், ஆனாலும் உப்புக்காற்று கடித்திருப்பது தெரியும். இது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலில் மறையாது, சிலர் வந்து ஏமாந்து போகிறார்கள். மாலை வெயில் கோயிலின் மேற்கு முகத்தில் விழும், அதைப் பாருங்கள். கடலில் காலை நனைத்துக்கொள்ளலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம், உள்ளிழுப்பு அதிகம்.

முடிந்தால் இரவு மாமல்லையிலேயே தங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது கடற்கரைக் கோயிலில் பத்துப் பேர் கூட இருக்கமாட்டார்கள், அர்ச்சுனன் தபசில் வெயில் நேராக விழும். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மெதுவாகத் திரும்பலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தச் சாலையில் ஜன்னலோரம் முழுக்கக் கடல் தெரியாது, பெரும்பாலும் தோப்பும் மதில்சுவரும்தான். கடல் வேண்டும் என்றால் இறங்க வேண்டும். சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை, பக்கத்தில் சங்க காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம், இரண்டையும் பார்க்கலாம். கோவளம் கடற்கரை, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்றது, குளியலறை, உடைமாற்றும் இடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். முட்டுக்காடு பாலத்தில் ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் முகத்துவாரம்.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை, நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள். நவம்பரில் மழை, ஏப்ரல் மே வெயில் தாங்காது, ஜனவரி பிப்ரவரி அருமை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் சென்னை நோக்கி வண்டிகள் நகராது.